ஏரியில் எத்தனை அடி?

“இந்தச் சனிக்கிழமையா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி தொலைபேசியிலேயே சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பு அல்ல அது. நிலாவைப் பிடித்துத் தரச் சொல்லிக் குழந்தை கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த வகைச் சிரிப்பு. மே மாத நடுவில் ஒரு வியாழக்கிழமை மாலை, மியூனிக்கில் என் வீட்டு அடுக்களையில் நின்றபடி, போடன்சே ஏரியின் கரையில் இருக்கும் லிண்டாவ் ஊரின் சிறு விடுதி ஒன்றை அழைத்து, நாளை மறுநாள் தங்குவதற்கு அறை கிடைக்குமா என்று என் ஒன்பது வருட ஜெர்மன் மொழியில் பணிவாகக் கேட்டிருந்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஓர் அறை இருப்பதாகவும், கோடைப் பருவத்தில் ஓர் இரவுக்கு மட்டும் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதாகவும், ஏரியைப் பார்த்த ஜன்னல் வேண்டுமானால் இரவுக்கு 30 யூரோ கூடுதல் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார்.

யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. ஏரிக்கரையில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இரண்டரை மாதம் முன்னதாகவே இடம் பிடிக்க வேண்டும் என்றால், அந்தச் சும்மா எப்படிச் சும்மா ஆகும்?

எங்கள் பக்கத்தில் ஒரு பயணம் எப்படி முடிவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் யாராவது ஒருவர், “நாளைக்குப் பிச்சாவரம் போய்ட்டு வரலாமா?” என்று ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் வேன்காரருக்குச் செய்தி போய்விடும். அரை மணி நேரத்தில் புளிக்காய்ச்சல் அடுப்பில் ஏறிவிடும். வேனில் எல்லாருக்கும் இடம் இருக்குமா என்ற கேள்வி எழுவதே இல்லை, ஏனென்றால் பெரியவர்கள் மடியில் சிறியவர்கள் என்ற கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை. போன இடத்தில் இருட்டிவிட்டால் அங்கே ஒரு சித்தியோ, சித்தியின் நாத்தனாரோ இருந்தே தீருவார்.

இங்கே ஓய்வு என்பது உழைப்புக்கு ஈடான பொறுப்பு. வந்த முதல் ஆண்டில், ஒரு திங்கட்கிழமை காலையில், அலுவலக நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து “குட் எர்ஹோல்ட்?” என்று கேட்டார். நன்றாகத் தேறிவிட்டீர்களா என்று பொருள் கொண்டு, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, யார் சொன்னது என்று பதறிப்போனேன். நோயிலிருந்து தேறுவதற்கும் விடுமுறையில் இளைப்பாறுவதற்கும் இவர்களிடம் ஒரே சொல்தான் இருக்கிறது என்பது பிறகு புரிந்தது. அதே நண்பர் இப்போது என் லிண்டாவ் திட்டத்தைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, “மழை பெய்தால் என்ன ஏற்பாடு?” என்றார். அவர் எந்தப் பயணத்துக்கும் மோசமான வானிலைக்கென்று தனிப் பட்டியல் ஒன்றை வைத்திருப்பவர். மழை பெய்தால் ஏரிக்கு நல்லதுதானே என்றேன். அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இருந்தாலும் நானும் இந்த ஊர்க்காரனாகிவிட்டவன்தான். குப்பையை நான்காகப் பிரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிப்பதில்லை. பச்சை விளக்கு வரும் வரை, தெருவில் ஒரு வண்டியும் இல்லாத நள்ளிரவிலும், சாலையைக் கடக்காமல் நிற்கிறேன். ஆகவே மறுநாளே அந்தப் பெண்மணியை மீண்டும் அழைத்து, ஆகஸ்ட் 1, 2 ஆகிய இரண்டு இரவுகளுக்கு, ஜன்னல் தெருவைப் பார்த்த அறையையே பதிவு செய்தேன். ஏரியைப் பார்ப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதை என் மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் ஏரிக்கரையை ஒட்டிய வீட்டுக்கு வாடகை குறைவு. கொசு அதிகம், ஐப்பசி கார்த்திகையில் பயமும் அதிகம்.

போக்குவரத்துக்கு அதிகம் யோசிக்கவில்லை. சூரிச் போகும் விரைவு ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும், ஆனால் 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு வந்து 2025இல் 58 யூரோவாகிவிட்ட மாதச் சீட்டு அதில் செல்லாது. வட்டார ரயிலில் ஏறினால் நேரம் கூடும். ஆனால் அது கரையிலிருந்து ஏரிக்குள் போட்ட அணையின் மீது ஊர்ந்து, தீவுக்குள்ளேயே போய் நிற்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் துறைமுகம். அதன் வாயிலில் ஒரு பக்கம் 33 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கமும், மறுபக்கம் 6 மீட்டர் உயரச் சிங்கமும் 1856ஆம் ஆண்டு முதல் காவல் இருக்கின்றன. படத்தைப் பார்த்த என் மனைவி, ராமநாதபுரத்துக்காரி, “பாம்பன் மாதிரி இருக்குங்க” என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

அப்பாவிடம் சொன்னபோதுதான் திட்டம் வேறு பக்கம் திரும்பியது. ஏரிக்கரை ஊருக்கு ஓய்வெடுக்கப் போகிறோம் என்றதும் அவர், “எந்த ஏரிப்பா? எத்தனை மதகு? எவ்வளவு ஆயக்கட்டு?” என்று வரிசையாகக் கேட்டார். அவர் வாழ்ந்தது முழுக்க வீராணத்தின் கரையில். 34 மதகுகள், 44,856 ஏக்கர் பாசனம், முழுக் கொள்ளளவு 47.50 அடி என்ற எண்கள் எங்கள் வீட்டில் வாய்ப்பாட்டுக்கு முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டவை. காலையில் செய்தித்தாள் வந்தால் முதலில் பார்ப்பது ஏரியின் நீர்மட்டம், பிறகு கீழணை, பிறகு மேட்டூர். மற்றச் செய்திகளுக்கு அதற்கப்புறம்தான் முறை. ஏரியைப் பார்த்து “அழகாக இருக்கிறது” என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. “நாப்பத்தி நாலு இருக்கு, பரவாயில்ல” என்பார். அந்தக் குரலில் இருந்த திருப்தி வேறு எந்த வருணனையிலும் வராது.

அவருக்குப் பதில் சொல்வதற்காகவே இந்த ஏரியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். உணவகங்களையும் படகு நேரங்களையும் தேட வேண்டிய இரவுகளில் நான் கனமீட்டரை டி.எம்.சி.யாக மாற்றிக்கொண்டிருந்தேன். 536 சதுர கிலோமீட்டர் பரப்பு, மிக ஆழமான இடத்தில் 251 மீட்டர், மொத்த நீர் 48 கன கிலோமீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,700 டி.எம்.சி. வருகிறது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. மேட்டூர் நிரம்பினால் 93.47. பதினெட்டு மேட்டூர், அத்தனையும் நிரம்பி, ஒரே இடத்தில்.

“தண்ணி எங்கேர்ந்து வருது?”

ரைன் ஆறு கொண்டுவருகிறது, சுவிட்சர்லாந்து மலைகளில் பனி உருகி, என்றேன். பிப்ரவரியில் இறங்கிக் கிடக்கும் மட்டம் ஜூன், ஜூலையில் ஏறிவிடும் என்றும் சொன்னேன். ஜூன் என்றதும் அவர் உற்சாகமாகிவிட்டார். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் புகுந்து எங்களிடம் வரும் தண்ணீரின் நாட்காட்டியும் அதுதானே. புதுத் தண்ணீர் வரும் நாளில் பழுப்பு நுரையும் சருகும் முன்னால் உருண்டு வர, அதற்கு இணையாகக் கரையில் நாங்கள் ஓடுவோம். தண்ணீரின் வேகம் நடைவேகம்தான் என்றாலும் ஓடியே ஆக வேண்டும். வறண்டு கிடந்த ஏரிக்குள் நாங்கள் போட்டு வைத்திருந்த கிரிக்கெட் ஆடுகளம் அந்த வாரத்தோடு மூழ்கும். யாரும் வருந்தியதில்லை.

பிறகு அவர் கேட்டார், மேலே இருப்பவன் தண்ணீரை விடாமல் வம்பு செய்வதில்லையா என்று. இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் என்னையே அசைத்துவிட்டது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகள் சுற்றி அமர்ந்திருக்கும் இந்த ஏரியின் அகன்ற பகுதியில் எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தமே செய்துகொள்ளவில்லை. கோடு இல்லாமலேயே காலம் தள்ளுகிறார்கள். 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் காவிரிக்காகக் கையெழுத்திட்டன. அதற்கு அடுத்த ஆண்டு, 1893இல், பிரெகன்ஸ் நகரில் இந்த ஏரியின் மீன்பிடிப்புக்காக ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அவர்கள் அதை வைத்துக்கொண்டு இன்றும் ஆண்டுதோறும் கூடிப் பேசுகிறார்கள். நாம் 1924, 1990, 2007, 2018 என்று ஒப்பந்தத்துக்கும் நடுவர் மன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் ஏறி இறங்கி, பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறோம். ஒப்பிடுவது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். பதினெட்டு மேட்டூர் தண்ணீர் இருப்பவனுக்குக் கோடு எதற்கு? இருந்தாலும் அன்றிரவு எனக்கு ஏற்பட்டது பொறாமைதான், வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

அப்பா ஏற்க மறுத்தது வேறொன்றை. இந்த ஏரிக்கு மதகும் கிடையாது, தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் கதவும் கிடையாது. வருவது வந்து, போவது தானாகப் போகிறது என்றேன். ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பெரிய ஏரிகளில் இப்படிக் கட்டுப்பாடு இல்லாமல் விடப்பட்டவை அரிது. “அப்புறம் யாருதான் பாத்துக்கறது?” என்றார், பெற்றோர் இல்லாத பிள்ளையைப் பற்றிக் கேட்பதைப் போல. வெள்ளக் காலத்தில் லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீர் திறந்தார்களா இல்லையா என்று இரவெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவருக்கு, யாரும் காவல் இல்லாத ஏரி என்பது புரியவே இல்லை. அவரைச் சமாதானப்படுத்த, இதிலிருந்தும் குடிநீர் போகிறது என்றேன். சிப்ளிங்கன் என்ற இடத்தில் 60 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்து, மேலேற்றி, ஸ்டுட்கார்ட் உள்ளிட்ட ஊர்களில் சுமார் 40 லட்சம் பேருக்கு 1958 முதல் அனுப்புகிறார்கள். “நம்ம தண்ணி மெட்ராஸுக்குப் போற மாதிரி” என்றார் உடனே. 2004இல் வீராணத்துத் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போனபோது அவருக்குப் பெருமையும் கோபமும் சரிபாதியாக இருந்தன. ஸ்டுட்கார்ட்காரர்கள் மீதும் இப்போது அவருக்கு அதே உணர்ச்சி.

ஜூலைக் கடைசியில் அம்மா பேச்சில் நுழைந்தார். எந்த நாளில் போகிறோம் என்று கேட்டு, விரல் விட்டு எண்ணி, “ஞாயித்துக்கிழமை ஆடிப் பதினெட்டுடா, தெரிஞ்சுதான் போட்டியா?” என்றார். தெரிந்து போடவில்லை. அந்தப் பெண்மணியிடம் காலியாக இருந்த ஒரே வாரம் அது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது ஆண்டுகளில் ஆடிப்பெருக்கு எந்தத் தேதியில் வந்து போனது என்றுகூட நான் கவனித்திருக்கவில்லை. இந்த ஒரு வருடம், ஆற்றங்கரை இல்லாவிட்டாலும், ரைன் வந்து நிரப்பும் ஒரு கரையில் நிற்கப் போகிறோம், அதுவும் யாரோ ஒரு விடுதிக்காரர் சொன்ன தேதியில்.

அதோடு ஓய்வுப் பயணம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. மனைவி மஞ்சள் கயிற்றைத் தேடி எடுத்தாள். புளி, எலுமிச்சை, தேங்காய் என்று மூன்று வகைச் சாதமாவது இல்லாமல் எப்படி என்று கேட்டாள். விடுதி அறையில் சமைக்க முடியாது, வெள்ளிக்கிழமை கட்டிய சாதம் ஞாயிறு வரை தாங்குவதென்றால் புளிச்சாதம் ஒன்றுதான் என்று முடிவாயிற்று. காதோலை கருகமணிக்கு வழியில்லை. தண்ணீரில் எதையும் விடக் கூடாது, 40 லட்சம் பேர் குடிக்கிறார்கள் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். பூ மட்டும் கரையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம் என்றாள். அலுவலக நண்பரிடம் இருந்ததைவிட நீளமான பட்டியல் இப்போது எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதில் மழைக்கென்று எந்த ஏற்பாடும் இல்லை.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, பைகளைக் கட்டி வைத்துவிட்டு, அங்கே வானிலை எப்படி என்று பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுத்தேன். வானிலையைத்தான் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். முதலில் திறந்தது வீராணத்தின் நீர்மட்டத்தை. பிறகுதான் லிண்டாவ். இங்கும் ஏரியின் மட்டத்தை நாள்தோறும் அளந்து அரசாங்கம் இணையத்தில் போட்டு வைக்கிறது. அதைக் கண்டதும் சொந்தக்காரர் ஒருவரை ரயில் நிலையத்தில் பார்த்துவிட்டதைப் போல இருந்தது. ஊரில் விடியப் போகும் நேரம். அப்பா எழுந்திருப்பார் என்று அழைத்து, அளவைச் சென்டிமீட்டரில் படித்தேன்.

“அடியில சொல்லுப்பா” என்றார்.