கிரவுண்ட் பிளேனை வெட்டாதீர்கள்

சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் பீட் கைநிறைய வாங்கிவந்து போட்டும் சர்க்யூட் போர்டின் மின் இரைச்சல் அடங்கவில்லையா? போர்டின் லேயர் வரைபடங்கள் இருக்கும் கெர்பர் ஃபைலைத் திறந்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிரவுண்ட் லேயரை, அதாவது கரண்ட் திரும்பி வரும் அகலமான செம்புப் பரப்பான கிரவுண்ட் பிளேனை, மட்டும் பாருங்கள்.

சிக்னலோடு போன கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். அதிர்வெண் சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் அது டிரேஸுக்கு நேர் கீழே உள்ள செம்பைப் பிடித்துக்கொண்டுதான் வரும், ஏனென்றால் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மை) அங்கேதான் குறைவு. அந்த இடத்தில் செம்பு இல்லையென்றால் சுற்றிக்கொண்டு வரும். போன வழிக்கும் வந்த வழிக்கும் நடுவே விரிகிற பரப்பே ஆன்டெனா ஆகிவிடுகிறது.

அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று பிளேனை இரண்டாக வெட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாகங்களைப் பகுதி பிரித்து வையுங்கள்; செம்பு ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு கிரவுண்டையும் ஃபெரைட் பீடால் இணைப்பது அதைவிட மோசம்.

தெரியாமல் விழும் வெட்டுகள்தான் அதிகம். 2.54 மி.மீ. இடைவெளியில் பின்கள் நிற்கும் பின் ஹெடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பிளேனில் விடும் வெற்றிடத்தின் விட்டம் 2.54 மி.மீ.ஐத் தொட்டால், பக்கத்துத் துளையின் வெற்றிடத்தோடு சேர்ந்துவிடும். ஒரே வரிசையில் 20 பின் என்றால் 50 மி.மீ. நீளத்துக்குப் பிளவு! 1 மி.மீ. துளைக்கு 2 மி.மீ. விட்டம் போதும், பின்களுக்கு நடுவே அரை மி.மீ. செம்பு மிஞ்சும், கரண்ட் அதன் வழியே போய்விடும்.

நான்கு லேயர் என்றால் சிக்னல், கிரவுண்ட், கிரவுண்ட், சிக்னல் என்று அடுக்குங்கள். பவரை வெளி லேயர்களில் அகலமாக இழுத்துக்கொள்ளலாம். சிக்னல் மேலிருந்து கீழே இறங்கும் இடத்தில், 1 மி.மீ. தூரத்துக்குள் ஒரு கிரவுண்ட் வயா (கிரவுண்ட் லேயர்களை இணைக்கும் செம்புத் துளை) கட்டாயம். போர்டின் ஓரம் நெடுக 7 மி.மீ.க்கு ஒன்று போட்டால் 1 கிகாஹெர்ட்ஸ் வரை கவலையில்லை.

கேபிளைச் சுற்றியுள்ள உலோக வலையான ஷீல்டை வால் மாதிரி முறுக்கிச் சாலிடர் வைப்பதையும் விடுங்கள். 25 மி.மீ. வால் சுமார் 25 நானோஹென்றி; 100 மெகாஹெர்ட்ஸில் 16 ஓம் வரும். கனெக்டரின் உலோக உறை 360 பாகையும் பெட்டியைத் தொட வேண்டும். பெயின்ட், அனோடைஸ் பூச்சின் மேல் திருகினால் தொடர்பே இருக்காது. சுரண்டிவிட்டுத் திருகினாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் நாளடைவில் துரு பிடிக்கும், பல்வாஷர் போடுங்கள்.

சந்தேகமான பிளவைச் சோதிக்க, ஆர்ஜி-174 என்ற மெல்லிய கோஆக்சியல் கேபிள் நுனியில் 1 செ.மீ. வளையம் செய்து டைனிஎஸ்ஏ என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மாட்டி, போர்டின் மேல் நகர்த்துங்கள். பிளவின் முனைகளில் அளவு எகிறும். இரண்டு லேயர் போர்டு என்றால், டிரேஸ் கடக்கும் இடத்துக்கு நேராகக் கிரவுண்ட் பக்கம் பச்சைப் பூச்சைச் சுரண்டி, பிளவின் குறுக்கே செம்பு டேப்பைச் சாலிடர் செய்து மறுபடி அளந்து பாருங்கள்.