நெஞ்சு ஏறி இறங்குதே

"நெஞ்சு ஏறி இறங்குதே டாக்டர், இறந்துட்டார்னு எப்படிச் சொல்றீங்க?"

இன்று ஐசியூ வாசலில் ஓர் அம்மா கேட்டது.

ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர். மூளைச்சாவுதானா என்று உறுதிசெய்ய, மூளைத்தண்டின் மற்ற அனிச்சைகள் எதுவும் இல்லை என்றான பிறகு அதைக் கழற்றி, தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆப்னியா சோதனை.

முன்னதாக 10 நிமிடம் முழு ஆக்சிஜன். கழற்றியதும் மெல்லிய குழாய்வழி ஆக்சிஜன் மட்டும். 8–10 நிமிடம் எல்லோர் கண்ணும் அந்த நெஞ்சின் மேல்தான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60 mmHg-ஐத் தொட்டும் ஒரு மூச்சுகூட இல்லையென்றால், மூளைத்தண்டு போய்விட்டது.

உடல் சில்லிட்டிருந்தாலோ மயக்க மருந்து மிச்சமிருந்தாலோ சோதனை செல்லாது.

இந்தியச் சட்டப்படி 4 மருத்துவர்கள், 6 மணி நேர இடைவெளியில் 2 முறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவினர் அதில் இருக்கக் கூடாது.

இரண்டு சோதனைக்கும் இடையிலேயே உறுப்பு தானப் பேச்சை எடுப்பதுதான் பிசகு. அப்புறம் மூளையால் அல்லாமல் வெறும் முதுகுத்தண்டு அனிச்சையில் ஒரு விரல் அசைந்தால் போதும், யார் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். விரல் அசையலாம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.