மெக்ஸ் இல்லாத சிகாகோவுக்கு ஒரு தனி விமானம்

வாடிக்கையாளரின் மகள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் சில வரிகள்: "சிகாகோ. சி.ஜி.எக்ஸ். இறங்கியதும் டாக்ஸி. மகார்மிக் பிளேஸ் 10 நிமிடம்." மகார்மிக் பிளேஸ் சிகாகோவின் பெரிய மாநாட்டு மையம். பக்கத்தின் மேலே 1994 என்று போட்டிருந்தது. "அப்பா அந்தக் காலத்தில் இப்படித்தான் போவார். இந்தத் தடவையும் அதே மாதிரி ஏற்பாடு செய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

செயின்ட் லூயிஸில், சார்ட்டர் விமானங்களை, அதாவது வாடகைக்கு எடுக்கும் தனி விமானங்களை, ஏற்பாடு செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சி.ஜி.எக்ஸ். என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. அது மெக்ஸ் ஃபீல்ட் என்ற சின்ன விமான நிலையத்தின் குறியீடு. சிகாகோ நகரத்தை ஒட்டி, மிச்சிகன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் இருந்த ஒற்றை ஓடுபாதை. 2003-லேயே அது போய்விட்டது.

அந்த ஓடுபாதையை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். திருச்சியில் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 98 இருந்தது. திறந்ததும் நாம் ஒரு செஸ்னா விமானத்துக்குள், மெக்ஸ் ஃபீல்டின் ரன்வே 36-ல், வடக்கு பார்த்து நிற்போம். வலப்பக்கம் ஏரி, இடப்பக்கம் வானுயர்ந்த கட்டடங்கள். சென்னையைக்கூட ஒழுங்காகப் பார்த்திராத வயதில், சிகாகோவின் சியர்ஸ் டவரை எந்தப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும் என்று எனக்கும் என் தம்பிக்கும் அத்துப்படி. விமானத் துறைக்குள் நான் வந்ததற்கு அந்த ரன்வேதான் காரணம்.

அது மூடப்பட்ட விதம் இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. 2003 மார்ச் 30 நள்ளிரவில், மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் போய் ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ் வடிவத்தில் தோண்டிப் போட்டுவிட்டன. முன்னறிவிப்பு கிடையாது. அங்கே நிறுத்தியிருந்த 16 விமானங்கள் மாட்டிக்கொண்டன. பிறகு பக்கத்தில் இருந்த, விமானங்கள் ஊர்ந்து போகும் டாக்ஸிவேயிலிருந்து அவை பறந்து போக அனுமதி கிடைத்தது. நகரத்தின் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்றார் மேயர். ஆனால் அந்த இடத்தைப் பூங்காவாக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. 1996-ல் ஒரு தடவை மூடி, மறு வருடம் திறக்க வேண்டியதாயிற்று. 2026 வரை நிலையம் இருக்கும் என்று 2001-ல் மாநில ஆளுநரோடு ஒப்பந்தமும் செய்திருந்தார். சரி, பூங்கா வேண்டும் என்றால் ஊரைக் கூட்டிக் கேட்டிருக்கலாமே? ராத்திரியோடு ராத்திரியாக ஓடுபாதையைத் தோண்டுவது ஒரு மாநகராட்சி செய்கிற வேலையா? முன்னறிவிப்பு தராமல் மூடியதற்காக விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 33,000 டாலர். அன்றைய சட்டத்தில் உச்சமே அவ்வளவுதான். அப்புறம்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த அபராதத்தை ஒரு நாளைக்கு 1,100 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்த்தியது.

மகளுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அப்பாவே லைனில் வந்தார். எண்பதை நெருங்கும் குரல். "மூடிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும் அம்மா. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை எனக்கு எப்படித் திருப்பித் தருவாய், அதைச் சொல்" என்றார்.

அதைத்தான் மூன்று நாள் யோசித்தேன். வானத்தில் ஒரு சிரமமும் இல்லை. செயின்ட் லூயிஸிலிருந்து சிகாகோவுக்குச் சின்ன ஜெட்டில் ஐம்பது நிமிடம். எங்கே இறங்கினாலும் கூடக்குறைய அதே நேரம்தான். மெக்ஸ் போனதில் நீண்டுபோனது தரைப் பயணம். வடக்கே சிகாகோ எக்ஸிக்யூட்டிவ் இருக்கிறது. தனி விமானங்களுக்கென்றே உள்ள நிலையம். ஆனால் அங்கிருந்து நகரத்துக்குள் வர கென்னடி நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். காலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மேற்கே டுபேஜ் இன்னும் தூரம். தென்கிழக்கே இண்டியானா எல்லை தாண்டி கேரி. நீளமான ஓடுபாதை, நெரிசல் இல்லை, ஸ்கைவே சுங்கச்சாலை வழியாக முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஓஹேர் பக்கம் நான் போகவே இல்லை. அத்தனை பெரிய விமானங்களுக்கு நடுவே வரிசையில் நிற்க யாரும் தனி விமானம் எடுப்பதில்லை.

மீதம் இருந்தது மிட்வே விமான நிலையம். நகர மையத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். அங்கிருந்து ஸ்டீவன்சன் நெடுஞ்சாலையைப் பிடித்தால், அது போய் முடிகிற இடத்திலேயே மகார்மிக் பிளேஸ். சாலை ஒத்துழைத்தால் இருபத்தைந்து நிமிடம்.

மிட்வேயில் இறக்குவதென்றால் வானிலையைக் கூடுதலாகக் கவனிப்பேன். நீளமான ஓடுபாதைகளே 6,500 அடி அளவுதான்; வேலிக்கு வெளியே உடனே தெருவும் வீடுகளும். 2005 டிசம்பரில் பனி கொட்டிய ஓர் இரவில் ஒரு பயணி விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சாலைக்குப் போய், காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அதன் பிறகு ஓடுபாதை முனைகளில், சக்கரம் புதைந்து விமானம் நிற்கும்படி நொறுங்கும் படுகை போட்டிருக்கிறார்கள். சார்ட்டர் ஜெட்டுக்கு எங்கள் கணக்கு, ஓடுபாதை நீளத்தில் 60 சதவீதத்துக்குள் விமானம் நின்றாக வேண்டும் என்பது. ஈரமாக இருந்தால் இன்னும் 15 சதவீதம் நீளம் சேர்க்க வேண்டும். மெக்ஸின் ஓடுபாதை 3,900 அடிதான். அதில் 60 சதவீதம் 2,340 அடி. அந்தக் காலத்தில் பெரியவர் அங்கே போய் வந்தது கிங் ஏர் மாதிரியான, விசிறி சுழலும் டர்போபிராப் விமானத்தில்தான். ஆனாலும் 1992-ல் ஒரு போயிங் 727 அந்தக் குட்டி ஓடுபாதையில் இறங்கியிருக்கிறது. காலியான விமானம், அறிவியல் மற்றும் தொழில்துறை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வந்தது. இன்றும் அங்கே போனால் பார்க்கலாம்.

அடுத்து, அன்றைக்கே திரும்புவதா தங்குவதா என்ற கேள்வி. விமானிகள் காலை ஆறரைக்குப் பணியில் ஏறினால் பதினான்கு மணி நேரம்தான். இரவு எட்டரைக்குள் அவர்கள் வேலை முடிந்தாக வேண்டும். பெரியவருக்கோ இரவு விருந்து ஒன்பது வரை. விமானத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பி மறுநாள் மறுபடி வரவழைத்தால் இரண்டு காலிப் பயணத்துக்கும் அவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விமானிகளுக்கு ஹோட்டல் அறை போட்டுத் தங்க வைப்பது பாதிகூட ஆகவில்லை. தங்கினோம். 'தங்கினோம்' என்கிறேன், ஏனென்றால் ஓர் இருக்கை காலி. "நீயும் வா அம்மா, மெக்ஸ் என்றதும் உன் குரலே மாறிவிட்டது" என்று பெரியவர் கூப்பிட்டார்.

ஏப்ரல் மாதக் காலை. தென்மேற்குக் காற்று என்பதால் ஏரிப் பக்கமாகச் சுற்றிவந்து, நகரத்தின் மேலாக இறங்கினோம். இடப்பக்கச் சன்னலில் அந்த நிலத்துண்டு தெரிந்தது. சிமுலேட்டரில் பார்த்த அதே வடிவம். நடுவில் சாம்பல் நிறக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் புல்லும் ஒரு நீர்த்தேக்கமும். பெரியவர் எனக்கு முன்னாடியே பார்த்துவிட்டார். சன்னல் கண்ணாடியில் விரலை வைத்தார், ஒன்றும் பேசவில்லை.

இறங்கிய பிறகுதான் சறுக்கல். நான் பதிவு செய்திருந்த கார், பயணிகள் டெர்மினல் வாசலில் போய் நின்றுகொண்டது. தனி விமானங்கள் வந்து நிற்கும் கட்டடம் வேறு பக்கம். முகவரியை மின்னஞ்சலில் தெளிவாகத்தான் அனுப்பியிருந்தேன். அது ஓட்டுநர் கைக்குப் போகவே இல்லை. சுற்றி வர இருபது நிமிடம். பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூட்டம் தொடங்க நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே போனார். அன்றிலிருந்து நான் முகவரி அனுப்புவதோடு விடுவதில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் ஓட்டுநரையே போனில் பிடித்து, கண்ணெதிரே என்ன பெயர்ப்பலகை தெரிகிறது என்று கேட்கிறேன்.

மறுநாள் விடிந்ததும், மெக்ஸ் இருந்த நிலமான நார்தர்லி ஐலண்டுக்கு நடந்தேன். ஆட்லர் கோளரங்கத்துக்கு முன்னாலேயே வலப்பக்கம் திரும்பினால் பழைய டெர்மினல் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதற்கப்பால் புல்வெளி, பறவைகள், காது மடலை அறுக்கும் காற்று. 1909-ல் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் சிகாகோவுக்குப் போட்ட திட்டத்தில் ஏரிக்கரை நெடுக இப்படி வரிசையாகத் தீவுகள். கட்டி முடித்தது இது ஒன்றுதான். 1933-ல் இங்கே உலகக் கண்காட்சி நடந்தது, 1948-லிருந்து விமானங்கள். கிழக்குப் பக்கம் ஏரி அலை நடைபாதையை அரித்திருந்தது, வேலி போட்டிருந்தார்கள். ஒரு பாட்டி பேரனோடு வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கா அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஓடுபாதை இருந்திருக்கும் என்று தோன்றிய இடத்தில் வடக்கு நோக்கி நின்றேன். இடப்பக்கம் கட்டடங்கள், வலப்பக்கம் ஏரி. தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். திருச்சியில் அப்போது மாலை. அவன் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரன்வே 36!" என்றான்.

திரும்பும் விமானத்தில் பெரியவர் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 1994 பக்கத்தை அவர் அடிக்கவில்லை. புதிய பக்கம் ஒன்றைத் திறந்து என்னிடம் நீட்டினார். "கை நடுங்குகிறது, நீயே எழுது" என்றார். எழுதினேன்: "சிகாகோ. மிட்வே. இறங்கியதும் ஓட்டுநருக்கு போன். மகார்மிக் பிளேஸ் 25 நிமிடம்." அதற்குக் கீழே அவரே பேனாவை வாங்கி, மெதுவாக ஒரு வரி சேர்த்தார்: "இடப்பக்க இருக்கை."