மாமாவின் மூச்சும் பயமும்

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 95 காட்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். மாமாவுக்கோ மூச்சு முட்டும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, சன்னலத் தொறந்து உடு" என்பார். சன்னல் திறந்துதான் இருக்கும்.

என் மாமனார் கோவையில் ஒரு நூற்பாலையில், பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்து கொடுத்தது சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். இன்ஹேலர், நெபுலைசர் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் கோயில் நின்றது, கல்யாண வீடுகள் நின்றன. பந்தியில் மூச்சு வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். உட்கார்ந்தே இருந்ததில் கால் தளர்ந்து, பத்தடி வைத்தாலே இளைப்பு.

பயம் என்ன செய்கிறது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்தான் விளக்கினார். பயந்தால் வேகவேகமாக மூச்சு இழுப்போம். சிஓபிடி இருந்தால் காற்று வெளியேறவே நேரமாகும். அதற்குள் அடுத்த மூச்சை இழுத்தால் பழைய காற்று உள்ளேயே தங்கி நெஞ்சு அடைக்கும். அப்புறம் இன்னும் பயம். அதனால் முன்னால் சாய்ந்து, மேசையில் கை ஊன்றி, மூக்கால் இழுத்து, டீ ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து இரண்டு மடங்கு நேரம் ஊதச் சொன்னார். முகத்துக்கு நேராக ஒரு குட்டி பேட்டரி ஃபேன். சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனால் முகத்தில் காற்று பட்டாலே திணறல் கொஞ்சம் அடங்குகிறது.

ராத்திரி பயம் மட்டும் போகவில்லை. இத்தனை வருஷமாகப் பார்த்த டாக்டர்கள் சளியின் நிறத்தைக் கேட்டார்கள். எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டது ஒரு மனநல கவுன்சிலர். "எனக்கென்ன பைத்தியமா" என்று முறுக்கிக்கொண்டுதான் மாமா வந்தார். லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர், அதே ஷிப்ட், மூச்சு இளைத்து இளைத்துச் செத்ததை அன்றைக்குத்தான் சொன்னார். அத்தைக்கே தெரியாது.

இப்போது யாரும் சுற்றி நின்று "பயப்படாதீங்க" என்பதில்லை. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே ஊதுகிறான். எல்லாத் திணறலும் பயத்தால் வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்: உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டாலோ உடனே 108.

கவுன்சிலர் பக்கத்தில் இல்லாதவர்கள் 14416-ஐக் கூப்பிடலாம். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை. எங்கள் வீட்டில் முதலில் பேசியது அத்தை. ராத்திரியெல்லாம் மாமாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்காமல் கிடந்தவர் அவர். மாமா இப்போது டீக்கடை வரை நடக்கிறார். கல்யாணத்துக்கு மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறார்.