சுகர்காரருக்கு எந்த பிரஷர் மாத்திரை?

சுகரோடு பிரஷரும் இருந்தால், மாத்திரையை முடிவு செய்யுமுன் சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் (அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்று காட்டும் பரிசோதனை) பார்த்தாக வேண்டும். பலருக்கு இந்தப் பரிசோதனையை எழுதிக்கொடுப்பதே இல்லை. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும்.

அல்புமின் போகிறது என்றால் முதல் மாத்திரை டெல்மிசார்டன், லோசார்டன் வகை. அல்லது ராமிப்ரில், எனலாப்ரில் வகை. இரண்டாவதில் சிலருக்கு வறட்டு இருமல் விடாது. அப்போது முதல் வகைக்கு மாறிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது: பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது.

இவை சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கின்றன. அதனால்தான் ஆரம்பத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) கொஞ்சம் ஏறுகிறது. 1.0 இருந்தது 1.2 ஆனதும் 'கிட்னிக்கு ஆகாது' என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். 30 சதவீதம் வரை ஏறினால் பயமில்லை. மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் தினமும் இளநீர் குடிப்பதும், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பொட்டாசியம் உப்பைச் சேர்ப்பதும் ஆபத்து. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போனால் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அல்புமின் இல்லாவிட்டால் அம்லோடிபைனோ, குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையோ கூடப் போதும். அம்லோடிபைன் 10 மில்லிகிராமில் கணுக்கால் வீங்கினால், நீர் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. அளவைக் குறைத்து டெல்மிசார்டன் சேர்த்தால் வீக்கம் வடியும். குளோர்தாலிடோன் சுகரைச் சற்று ஏற்றும், சோடியம், பொட்டாசியத்தை இறக்கும்.

இலக்கு 130/80-க்குக் கீழே. தொடக்கமே 150/90-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இரண்டு மருந்து தேவைப்படும்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் அடெனோலால் போன்றவை மாரடைப்பு வந்தவருக்கு, நெஞ்சுவலிக்காரருக்கு. வெறும் பிரஷருக்கு அதை முதலில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்சுலின் போடுகிறவர் இதைச் சாப்பிட்டால், லோ சுகர் ஆகும்போது படபடப்பும் கை நடுக்கமும் தெரியாமல் போகும், வியர்வை மட்டும் வரும்.

பல வருட சுகர் என்றால் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் பிரசோசின் வகை வேண்டாம், அது நிற்கும்போது பிரஷரை மேலும் இறக்கும். இரவில் பாத்ரூம் போக எழும்போது தலைசுற்றி விழலாம்.