முதல் அளவீட்டில் பள்ளம் தெரிந்ததும் பதறாதீர்கள்

வீட்டில் ஸ்பீக்கர் செய்கிறவர்கள் மைக் வைத்து முதல் தடவை அளந்ததும், எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு வருகிறது என்று காட்டும் கோடு மேடும் பள்ளமுமாக வருவதைப் பார்த்து உடனே கிராஸ்ஓவரை (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்தனுப்பும் சுற்றை) பிரித்துப் போட்டுவிடுகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள். அதில் பெரும்பகுதி உங்கள் அறையின் வேலை. ஸ்பீக்கரும் மைக்கும் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், நடுவில் இடைவெளியும் 1 மீட்டர் என்றால், தரையில் பட்டு வரும் ஒலி சுமார் 1.24 மீட்டர் கூடுதலாகச் சுற்றி 3.6 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். ஒரு சின்ன ஒலித்துடிப்பு எந்தெந்த நேரத்தில் மைக்கை வந்தடைகிறது என்று காட்டும் இம்பல்ஸ் வரைபடத்தில் அது சின்ன முள்ளாகக் கண்ணுக்கே தெரியும். அந்த முள்ளுக்கு முன்னாலேயே அளவீட்டை வெட்டிவிட்டால் தரையின் பாதிப்பு விலகிவிடும், ஆனால் மிஞ்சும் நேரம் அவ்வளவு குறுகியது என்பதால் சுமார் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் கோட்டை நம்பக்கூடாது, பார்க்க எவ்வளவு வழவழவென்று இருந்தாலும் சரி. பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, மைக்கை ஸ்பீக்கரின் அதிரும் கூம்பை (கோனை) ஒட்டினாற்போல் வைத்துத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம், நேராக மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். நேரில் தெரியும் பள்ளம் 15, 30 டிகிரி திருப்பியதும் காணாமல் போனால் அது பெரும்பாலும் பெட்டி விளிம்பில் ஒலி சிதறுவதால் வருவது, ஈக்வலைசர் போட்டு அதை நிரப்பினால் பக்கவாட்டில் மேடாகிவிடும். எல்லாக் கோணத்திலும் அதே இடத்தில் நின்றால்தான் ஒலி எழுப்பும் டிரைவரையோ கிராஸ்ஓவரையோ சந்தேகப்பட வேண்டும்.