பில்லில் ஏறாத கேள்வி

சென்னையில் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளைக் கவனிக்கும் ஒரு சட்ட நிறுவனத்தில், காப்புரிமைப் புதுப்பிப்புப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். நான் சேர்ந்தபோது பிரிவு என்பது ஒரு மேசையும் ஒரு பேரேடும்தான். காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள்; மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும்; கெடு தவறினால் ஆறு மாதம் கூடுதல் கட்டணத்துடன் அவகாசம் உண்டு, அதையும் விட்டால் உரிமையே போய்விடும். தூக்கத்திலும் தேதிகள் வந்து போன காலம் அது.

காப்புரிமை முகவர்கள் இணையவழியில் மட்டுமே தாக்கல் செய்ய வேண்டும் என்று 2016இல் விதி வந்ததும், கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குக் காகிதக் கட்டுகளோடு நடந்த அலைச்சல் நின்றது. அடுத்து எங்கள் விலையும் சரிந்தது. ஒரு பெரிய பம்பு நிறுவனம், புதுப்பிப்பு வேலையை மட்டும் பிரித்தெடுத்து, காப்புரிமை ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிட்டது. கணினி செய்த அநியாயம் என்று சக ஊழியர்கள் புலம்பினார்கள். ஆனால் இந்த வேலையை மொத்தமாகத் திரட்டிச் செய்யும் நிறுவனத்தை 1969இலேயே ஜெர்சி தீவில் தொடங்கியவர்கள் பிரிட்டனின் காப்புரிமை வழக்கறிஞர்களேதான். தேதியைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு நாங்கள் வாங்கிய கூலி அதிகம் என்பதை நானும் மறுக்க மாட்டேன்.

எனக்கு உறுத்தியது வேறு. கண்டுபிடிப்பு நாட்டில் பயன்பாட்டில் உள்ளதா என்று தெரிவிக்கும் படிவம் 27ஐ அப்போது ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. ஒரு கையில் அந்தப் படிவமும் மறு கையில் பேரேடுமாக உட்காரும்போது, உற்பத்தி நின்றுபோன ஒரு வால்வுக்குப் பன்னிரண்டாம் ஆண்டுக் கட்டணமாக 24,000 ரூபாய் வரப்போவது கண்ணில் படும். நினைவூட்டல் கடிதத்தின் அடியில், "இது இனியும் தேவையா எனத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரிக்கு நாங்கள் பில் போட்டதில்லை. மூத்த பங்குதாரர் ஒருவருக்கு அது பிடிக்கவும் இல்லை; வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் நமக்கும் வருமானம் போகுமே என்பார். பில்லில் இல்லாததால், விலைகளை ஒப்பிட்டவர்களின் கண்ணிலும் அது படவில்லை.

அந்தப் பம்பு நிறுவனத்தின் படிவம் 27 வேலை மட்டும் எங்களிடமே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், பயன்பாட்டில் இல்லாத மூன்று காப்புரிமைகளுக்குப் பணம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பம்பு நிறுவனத்தின் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "நிறுத்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை சார், அதனால் அவர்கள் கட்டிவிட்டார்கள்" என்றார். அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் மீது எந்தத் தவறும் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை அது பிசகாமல் செய்திருந்தது.

2024 விதித் திருத்தத்தின்படி படிவம் 27 மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை போதும். குறைந்தது நான்கு ஆண்டுக் கட்டணத்தை இணையவழியில் முன்கூட்டியே கட்டினால் 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. என் மேசையில் இப்போது இருக்கும் இளைஞர், அந்தத் தள்ளுபடியைச் சொல்லித்தான் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்.